முதலில் லாரியை நிறுத்துங்கள்

கடிதம், சுருக்கமாக:

"ஐயா, வணக்கம். ஹூஸ்டனில் ஐ.டி. வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி பதிந்து, கால்வெஸ்டன் விரிகுடாவின் மேற்குக் கரையில் ஆறு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நானூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபம், ஒரு ஓட்டல், பன்னிரண்டு குடில்கள், தண்ணீருக்குள் சின்னதாக ஒரு படகுத்துறை, இதுதான் திட்டம். வெள்ள வரைபடத்தில் தண்ணீர்ப் பக்கம் வி.இ. 15 (பெரிய அலை அடிக்கும் வெள்ளப்பகுதி, வெள்ள மட்டம் 15 அடி) என்றும் ரோட்டுப் பக்கம் ஏ.இ. 13 (அலை குறைந்த வெள்ளப்பகுதி, மட்டம் 13 அடி) என்றும் போட்டிருக்கிறது. தரை ஏழு அடிதான். மொத்த இடத்தையும் மண் கொட்டி 13 அடிக்கு உயர்த்திவிட்டு, அப்புறம் வெள்ள வரைபடம் போடும் ஃபெடரல் அமைப்பான ஃபீமாவிடம் வரைபடத்தை மாற்றச் சொல்லலாம் என்கிறார் கான்ட்ராக்டர். அடுத்த வாரமே லாரி வருகிறது. 2023 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு ஈரநிலப் பிரச்சினையே கிடையாது என்கிறார் புரோக்கர். நகராட்சியில் விண்ணப்பம் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் அனுமதி கொடுத்தால் போதாதா? ஃபெடரல் அனுமதி தனியாக வேண்டுமா, எவ்வளவு நாள் ஆகும்? கடைசியாக என் மனைவியின் கேள்வி: பொங்கலுக்குச் சொந்தக்காரர்களை அழைத்துப்போய் இடத்தைக் காட்ட வேண்டும், அதற்குள் புல்லையாவது வெட்டிக்கொள்ளலாமா?"

பதில்:

லாரிக்காரருக்கு இப்போதே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் திருத்த முடியாத தவறு இதுவரை ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் அந்த மண் இறங்கினால் இருக்கும்.

நான் இந்தக் கடற்கரையில் இருபது வருடத்துக்கு மேலாக வெள்ளப்பகுதி, ஈரநில அனுமதி வேலைகள் பார்க்கிறேன். நம்மவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: படத்தை முதலில் வரைந்துவிடுவார்கள், மண்டபம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வரை பேசி முடித்துவிட்டு, "இதற்கு என்ன பெர்மிட் வேண்டும்?" என்று வருவார்கள். அந்த வரிசையே தலைகீழ். நிலத்தில் எந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் படம் வரைய வேண்டும். உங்கள் நிலத்தில் குறைந்தது நான்கு கோடுகள் ஓடுகின்றன: சராசரி உயர் அலை மட்டக் கோடு, ஈரநில எல்லை, வி.இ.க்கும் ஏ.இ.க்கும் நடுவே உள்ள கோடு, அப்புறம் ஏ.இ.க்கு உள்ளேயே ஒன்றரை அடி அலை எதுவரை வரும் என்று காட்டும் கோடு. உங்கள் கடிதத்தில் அதில் ஒன்றுதான் இருக்கிறது.

ஃபெடரல் அனுமதி வேண்டுமா? வேண்டும். மண்டபம், குடில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் படகுத்துறை ஒன்றை மட்டும் கட்டினாலும் வேண்டும். கப்பல் போகக்கூடிய தண்ணீரில் ஒரு கம்பம் நடுவதற்கும் 1899ஆம் வருட ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் பத்தாவது பிரிவு இருக்கிறது. அதைப் பார்ப்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, எங்கள் தொழிலில் சுருக்கமாக 'கோர்'. உங்களுக்குக் கால்வெஸ்டன் மாவட்ட அலுவலகம். நிலத்திலோ தண்ணீரிலோ உள்ள ஈரநிலத்தில் மண் போட்டால் 1972 தூய நீர்ச் சட்டத்தின் 404ஆவது பிரிவு. அதுவும் அதே அலுவலகம்தான். விரிகுடாவின் அடித்தரை உங்களுடையது அல்ல, டெக்சஸ் மாநிலத்துடையது. ஆகவே துறைக்கு மாநிலப் பொது நில அலுவலகத்திடம் தனியாக ஒரு ஒப்பந்தமும் போட வேண்டும்.

வெள்ளப் பக்கம் வேறு மாதிரி. ஃபீமாவிடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபீமா யாருக்கும் கட்டட பெர்மிட் கொடுப்பதில்லை. அது வரைபடம் போடும், குறைந்தபட்ச விதிகளை எழுதும். அந்த விதிகளைத் தன் ஊர்ச் சட்டமாக ஏற்றுக்கொண்ட நகராட்சிதான் பெர்மிட் கொடுக்கும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் ஃபெடரல் வெள்ளக் காப்பீடு கிடையாது, அவ்வளவுதான் பிடி. ஆனால் அந்தப் பிடி பலமானது. நகராட்சி அதிகாரி உங்களுக்காக வளைந்து கொடுக்க மாட்டார், கொடுத்தால் ஊரே மாட்டும்.

சரி, கான்ட்ராக்டரின் யோசனைக்கு வருவோம். முதலில் கணக்கு. ஒரு ஏக்கரை ஒரு அடி உயர்த்த சுமார் 1,613 கன கஜம் மண் வேண்டும். ஆறு ஏக்கரை ஏழிலிருந்து பதின்மூன்று அடிக்கு ஏற்ற 58,000 கன கஜம். லாரிக்குப் பதினான்கு கன கஜம் என்று வைத்தால் நாலாயிரத்துக்கு மேல் நடை. இந்தக் கணக்கை அவர் உங்களிடம் காட்டினாரா? காட்டாமல் 'அடுத்த வாரம் லாரி' என்கிறார் என்றால், எங்கேயோ தோண்டி எடுத்த மண்ணைக் கொட்ட அவருக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அவரை எனக்குத் தெரியாது, தவறாகவும் இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் அது நடக்காத காரியம் அல்ல.

அடுத்தது விதி. வி.இ. என்பது மூன்று அடிக்கு மேல் அலை அடிக்கும் பகுதி. அங்கே கட்டடத்தைத் தாங்க மண் மேடு போடுவதே கூடாது. கொஞ்சம் போடலாமா, அனுமதி வாங்கிப் போடலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பைல், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண், அடித்து அதன் மேல்தான் கட்ட வேண்டும். மண் மேடு அலையைத் தாங்காது, அரித்துக்கொண்டு போகும், போகும்போது அலையைப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் திருப்பிவிடும். ஏ.இ. பகுதியில் மண் போட்டு உயர்த்துவதை வெள்ள விதி அனுமதிக்கிறது, பிறகு வரைபடத்திலிருந்து விலக்கும்படி ஃபீமாவிடம் கேட்கவும் வழி இருக்கிறது, அதுவரை உங்கள் கான்ட்ராக்டர் சொல்வது சரி. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு நகராட்சி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும், தேவையான ஃபெடரல், மாநில அனுமதிகள் எல்லாம் வாங்கியாகிவிட்டன என்று. ஈரநிலத்தில் அனுமதியில்லாமல் கொட்டிய மண்ணுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. வெள்ளத்துக்கான காகிதம் 'மேலே போ' என்று சொல்லும், ஈரநிலத்துக்கான காகிதம் 'மண்ணைத் தொடாதே' என்று சொல்லும். இரண்டும் வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு சட்டம், ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டு நம்மவர்கள் ஒவ்வொன்றாகத் தனியே தீர்க்கப் போய் நடுவில் நசுங்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதிலாக இருப்பது தூண்தான். பைல் மேல் நிற்கும் கட்டடம் உயரத்தையும் கொடுக்கும், கீழே மண்ணையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஈரநிலத்தில் தூண் நடுவதற்குச் சில இடங்களில் 404 தேவைப்படாமலே போகலாம், நெருக்கமாக நட்டு மண் போட்டதற்குச் சமமாக்கிவிடாதவரை. நான் எந்த விரிகுடா மனைக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: மண்ணே கொட்டாமல் இதில் எவ்வளவு கட்ட முடியும்?

இனி புரோக்கர் சொன்ன தீர்ப்பு. சாக்கெட் வழக்கு, 2023 மே 25. ஐடஹோவில் ப்ரீஸ்ட் ஏரிப் பக்கம் மனை வாங்கி, 2007இல் மண் போட ஆரம்பித்த ஒரு தம்பதியின் வழக்கு. பெரிய நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக ஒட்டியிருக்கும் ஈரநிலம்தான் ஃபெடரல் அதிகாரத்துக்குள் வரும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் நாட்டின் உள்பகுதியில் தனியாகக் கிடக்கும் எத்தனையோ குட்டைகளும் சேற்று நிலங்களும் வெளியே போய்விட்டன, உண்மைதான். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி ஊரில் உங்கள் நண்பர் ஒருவர் புல்வெளி நிலம் வாங்கியிருந்தால் புரோக்கர் சொல்வது அவருக்குப் பொருந்தலாம். ஆனால் உங்கள் நிலம் விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. அலை ஏறி இறங்கும் தண்ணீரிலிருந்து கோரைப்புல் அப்படியே கரையேறி உங்கள் நிலத்துக்குள் வருகிறது என்றால் அதைவிட 'ஒட்டியிருப்பது' என்று வேறு எதைச் சொல்வது? அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தம்பதி ஜெயித்தார்கள், ஆனால் ஜெயிக்க பதினாறு வருடம் ஆயிற்று. நீங்கள் நால்வரும் அவ்வளவு காலம் வட்டி கட்டத் தயாரா?

ஈரநிலம் என்றதும் நமக்குப் பள்ளிக்கரணை மாதிரி தண்ணீர் தேங்கி, நாணல் வளர்ந்து, நாரை நிற்கும் இடம்தான் மனதில் வரும். இங்கே சட்டம் பார்ப்பது அதை அல்ல. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் கால் தூசி படியும் நிலம்கூட ஈரநிலமாக இருக்கும். மூன்று விஷயம் பார்ப்பார்கள்: செடி, மண், நீரின் தடயம். நான் ஒரு மனைக்குப் போனால் மண்வெட்டியால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழி எடுத்து, மண்ணை ஒரு கட்டியாக வெட்டித் தூக்கி, உடைத்து, கொஞ்சம் ஈரப்படுத்தி, மன்செல் நிற அட்டைப் புத்தகத்தின் ஓட்டைக்கு அடியில் வைத்துப் பார்ப்பேன். மண் சாம்பல் நிறமாக இருந்து, அதில் வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி ஆரஞ்சு நூல் ஓடியிருந்தால், அங்கே பயிர்க்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. மண் பொய் சொல்லாது, தண்ணீர் வடிந்து ஆறு மாதம் ஆனாலும் அந்த நிறம் போகாது. செடியில் இன்னொரு வேடிக்கை: இந்தப் பக்கமெல்லாம் களை மாதிரி முளைத்துக் கிடக்கிறதே சைனீஸ் டாலோ மரம், வெளியிலிருந்து வந்து ஊரைப் பிடித்த மரம், யாருக்கும் பிடிக்காது, ஆனால் ஈரநிலச் செடிகளின் கணக்கில் அதுவும் சேரும். "வெறும் டாலோ காடுதான் சார்" என்று சொல்லி என்னை அழைத்துப்போன பல மனைகள் முக்கால்வாசி ஈரநிலமாக முடிந்திருக்கின்றன.

ஆகவே முதல் செலவு இதுதான்: ஈரநில எல்லையைக் குறிக்க ஒரு ஆளை வையுங்கள், கொடி நட்டு, சர்வேயர் வந்து அளந்து, படத்தில் ஏற்றி, கோர் அலுவலகத்திடம் அந்த எல்லையை ஒத்துக்கொள்ளக் கேளுங்கள். முறையான தீர்மானமாக எழுதி வாங்கினால் பொதுவாக ஐந்து வருடம் செல்லும். சேர்த்து உயரத்தையும் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். பழைய சர்வேயில் இருக்கும் 'ஏழு அடி' எந்த ஆண்டு, எந்த அடிமட்டத்தில் அளந்தது? இந்தப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே தாழ்ந்த ஊர்கள் உண்டு. விரிகுடாவின் வடக்கே பேடவுனில் ப்ரவுன்வுட் என்று வசதியானவர்கள் குடியிருந்த பகுதி, தரை பல அடி இறங்கி, 1983இல் அலிஷியா புயலோடு ஆட்கள் இருக்க முடியாமல் போய், இன்று அது பறவை பார்க்கும் இயற்கைப் பூங்கா. நேரம் கிடைத்தால் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

எல்லை தெரிந்தபின் எந்த அனுமதி என்ற கேள்வி வரும். சிறிய பாதிப்புக்கு நாடு முழுவதற்கும் பொதுவாகத் தயாராக வைத்திருக்கும் அனுமதிகள் உண்டு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். வணிகக் கட்டடத்துக்கு 39ஆம் எண், வீடுகளுக்கு 29ஆம் எண், இரண்டிலும் உச்சவரம்பு அரை ஏக்கர். முழு விண்ணப்பம் கொடுத்தால் 45 நாளில் வேலை முடிய வேண்டும் என்ற கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? உங்களுக்குக் கிடைக்காது. இந்த இரண்டு எண்ணும் அலைநீருக்கும், அலைநீரை ஒட்டிய ஈரநிலத்துக்கும் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதைப் படிக்காமல் "அரை ஏக்கருக்குள் வைத்துக்கொள்ளலாம்" என்று உங்களிடம் யாராவது ஆலோசகர் சொன்னால் அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கரை அரிப்பைத் தடுக்க 13ஆம் எண், உயிருள்ள கரை என்று சிப்பியும் புல்லும் வைத்துக் கட்டுவதற்கு 54ஆம் எண், இவை உங்களுக்கு உதவலாம். ஈரநிலத்தில் மண் போடுவதற்கு உங்களுக்கு இருப்பது தனி அனுமதிதான்.

தனி அனுமதியில் முதல் கேள்வியே உங்களை மடக்கும். இந்தத் திட்டம் தண்ணீர் ஓரத்தில்தான் இருந்தாக வேண்டுமா? படகுத்துறை தண்ணீரில்தான் இருக்க முடியும். கல்யாண மண்டபம்? ஓட்டல்? தண்ணீர் தெரிவது அழகுதான், ஆனால் தாலி கட்ட விரிகுடா தேவையில்லை. அப்படித் தண்ணீரைச் சாராத திட்டம் ஈரநிலத்துக்குள் வந்தால், வேறு நல்ல இடம் இருக்கிறது என்றே விதி முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அந்த வேறு இடம் உங்கள் பேரில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நியாயமாக வாங்கக் கூடியதாக இருந்தால் போதும். உங்கள் சொந்த ஆறு ஏக்கரிலேயே ரோட்டுப் பக்கம் மேடு இருந்தால் அதுவே 'வேறு இடம்', அங்கே ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தாண்டியபிறகுதான் பாதிப்பைக் குறைத்தீர்களா, மிஞ்சியதற்கு ஈடுகட்ட, வேறிடத்தில் ஈரநிலத்தை மீட்டு அதன் கணக்கை விற்கும் எந்த 'ஈரநில வங்கி'யில் கிரெடிட் வாங்குவீர்கள் என்ற பேச்சு. நேராக ஈடுகட்டும் பேச்சுக்குப் போய் "எவ்வளவு கட்டணும் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் கோப்பு மேசையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு யோசனை உங்களுக்கு வரும், வந்தே தீரும், நான்கு பேர் இருக்கிறீர்கள் அல்லவா: ஆறு ஏக்கரை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு சின்ன விண்ணப்பம் போட்டால் என்ன? அவர்கள் பார்ப்பது மொத்தத் திட்டத்தை. ஒரே ரோடு, ஒரே கழிவுநீர்க் குழாய், ஒரே கல்யாண மண்டபம் என்றால் அது ஒரே திட்டம்தான், பத்திரம் எத்தனை பேரில் இருந்தாலும்.

இந்தத் தனி அனுமதி வரும்போது கூடவே ஒரு ஊர்வலம் வரும். மாநிலத்தின் நீர்த்தரச் சான்று, கடலோர மேலாண்மைத் திட்டத்தோடு ஒத்துப்போகிறது என்ற சான்று, இவை இல்லாமல் கோர் கையெழுத்துப் போட முடியாது. மீன் வளர்விடம் பற்றி கடல் மீன்வளத் துறை கருத்துச் சொல்லும். பழம்பொருள் ஏதாவது புதைந்திருக்கிறதா என்று மாநில வரலாற்று ஆணையம் கேட்கும். அழியும் உயிரினங்களில் உங்களுக்கு முக்கியமாக இருக்கக்கூடியது ஈஸ்டர்ன் பிளாக் ரெயில் என்ற பறவை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், பறப்பதைவிடப் புல்லுக்குள் ஓடுவதே அதற்குப் பிடிக்கும், 2020இல் பட்டியலில் சேர்த்தார்கள். இதுவரை இரண்டே தடவைதான் அதன் குரலைக் கேட்டிருக்கிறேன், பார்த்ததே இல்லை. ஆனால் உங்கள் உயர் கோரைப்புல்லில் அது இருக்கக்கூடும் என்றால் அட்டவணை அதற்கேற்ப மாறும்.

நகராட்சி அனுமதி போதாதா என்று கேட்டீர்கள். போதாது, அதுமட்டுமல்ல, அது தனியாகக் கிடைக்கவும் கூடாது. தேசிய வெள்ளக் காப்பீட்டு விதிகளிலேயே, 404 உட்படத் தேவையான ஃபெடரல், மாநில அனுமதிகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்துத்தான் ஊர் பெர்மிட் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறையில் சில சின்ன ஊர்களில் இதைக் கேட்காமலே முத்திரை குத்திவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படி முத்திரை வாங்கிய தைரியத்தில் ஒரே வார இறுதியில் இரண்டு ஏக்கரை மண் போட்டு மூடினார். பக்கத்து வீட்டுக்காரர் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார். நான் உள்ளே வந்தபோது அவருக்கு முன் இருந்தது கொட்டிய மண்ணைத் திரும்பத் தோண்டி எடுக்கும் வேலை. எடுத்து, பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, புல் கன்றுகளைக் கையால் நட்டு, அது பிடித்ததா என்று வருடா வருடம் அறிக்கை கொடுத்தார். கொட்டியதற்கு ஆனதைவிட எடுத்ததற்கு அதிகம் ஆயிற்று. அவருக்கு அபராதம் பெரிதாக இல்லை, அது அதிர்ஷ்டம். சட்டப்படி ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 60,000 டாலருக்கு மேல் போடலாம், அந்த மண் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள்தான்.

இப்போது மண்டபம். வி.இ. 15 பகுதியில் கட்டினால், தரை அல்ல, தரையைத் தாங்கும் கடைசி உத்தரத்தின் அடிப்பாகம் 15 அடிக்கு மேலே இருக்க வேண்டும். பல ஊர்கள் அதற்கும் மேலே ஒன்று முதல் மூன்று அடி கேட்கும். நூற்றுக்கணக்கானவர்கள் கூடும் கட்டடம் என்பதால் வடிவமைப்பு விதியிலும் நீங்கள் ஒரு படி உயர்ந்த வகை. இரண்டு அடி கூடுதல், இரண்டு அடி உத்தரம் என்று வைத்தால் நடக்கும் தளம் 19 அடியில். உங்கள் தரையிலிருந்து பன்னிரண்டு அடி மேலே. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை ஒரு அடி உயர பன்னிரண்டு அடி ஓட வேண்டும், ஆகவே 144 அடி, நடுவில் நின்று ஓய்வெடுக்கும் தளங்கள் தனி. லிஃப்ட் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும், நானூறு பேருக்கான சாம்பார் அண்டாவைப் படியில் யார் தூக்குவது? கீழே காரை நிறுத்தலாம், சாமான் வைக்கலாம், படிக்கட்டு வைக்கலாம், அவ்வளவுதான். சுவர் எழுப்பினால் அலை அடித்ததும் பிய்த்துக்கொண்டு போகும் சுவராக இருக்க வேண்டும். சமையலறை, கழிப்பறை, ஏசி, மின்பலகை எல்லாம் மேலே.

அதே மண்டபத்தை ரோட்டுப் பக்கம் ஏ.இ. 13இல் வைத்தால் கணக்கு தரைத் தளத்தின் மேற்பரப்பிலிருந்து. இரண்டு அடி கூட்டி 15 அடி, அதாவது தரையிலிருந்து எட்டு அடி, சரிவுப்பாதை 96 அடி. நாலு அடி வித்தியாசம்தான், ஆனால் விலையில் அது வேறு கட்டடம். ஒன்றரை அடி அலைக் கோட்டுக்கு உள்ளே விழுந்தால் மட்டும், அங்கேயும் வி.இ. மாதிரியே பைல் மேல் கட்டுங்கள், ஊர் கேட்காவிட்டாலும். 2008 செப்டம்பர் 13 அதிகாலையில் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறியது இரண்டாம் வகைப் புயலாகத்தான். பொலிவர் தீபகற்பத்தில் கில்கிறிஸ்ட் என்ற ஊரே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டதுபோல ஆகி, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் வீடு நின்ற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2005இல் ரீட்டா புயலுக்குப் பிறகு உயரமான தூண்கள் மேல் புதிதாகக் கட்டிய வீடு அது.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வங்கி எப்படியும் கேட்கும். தேசிய வெள்ளக் காப்பீட்டில் வணிகக் கட்டடத்துக்கு உச்சம் ஐந்து லட்சம் டாலர், உள்ளே இருக்கும் சாமானுக்கு இன்னொரு ஐந்து லட்சம். உங்கள் மண்டபம் அதற்கு மேல் போகும், மீதிக்குத் தனியார். பத்திரம் முடிந்துவிட்டது என்றாலும், 1982 கடலோரத் தடுப்பு நிலச் சட்டத்தின் வரைபடத்துக்குள் உங்கள் இடம் வருகிறதா என்று இன்றே பாருங்கள். வந்தால் புதுக் கட்டடத்துக்கு அந்தக் காப்பீடே கிடையாது. மேற்குக் கரையில் வராது என்றுதான் நினைக்கிறேன், பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

'வெள்ள விதியெல்லாம் 2025இல் ரத்து ஆகிவிட்டது' என்றும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். ரத்தானது ஃபெடரல் பணத்தில் நடக்கும் வேலைகளுக்கு இருந்த கூடுதல் உயரத் தரம். வெள்ளப்பகுதி பற்றிய 1977இன் 11988ஆம் ஜனாதிபதி ஆணை அப்படியே இருக்கிறது, உங்கள் ஊரின் வெள்ளச் சட்டமும் அப்படியே இருக்கிறது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளையும் சுருக்கியிருக்கிறார்கள், பக்க வரம்பு, கால வரம்பு எல்லாம் வந்திருக்கிறது. உங்கள் அளவுத் திட்டத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. நேரம் போவது அந்த அறிக்கையில் இல்லை, 'ஏன் இங்கே?' என்ற கேள்விக்குப் பதில் எழுதுவதில்.

எவ்வளவு நாள்? தனி அனுமதியை 120 நாளில் முடிப்பது கோர் தனக்கு வைத்திருக்கும் இலக்கு. நான் செய்த விரிகுடா வேலைகளில் ஒரு வருடத்துக்குள் வந்தவை குறைவு, இரண்டு வருடம் போனவை உண்டு. விண்ணப்பக் கட்டணம் வணிகத் திட்டத்துக்கு 100 டாலர். ஆமாம், நூறுதான், பூஜ்யம் விட்டுப்போகவில்லை. செலவெல்லாம் அந்த நூறு டாலரைக் கட்டும் நாள் வரை போய்ச் சேர்வதில் இருக்கிறது: எல்லை குறிப்பவர், சர்வேயர், கடலோரப் பொறியாளர், ஈரநில கிரெடிட்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், குடில்களை முதலில் வெட்டுவேன். பன்னிரண்டு குடிலும் தண்ணீரோரம்தான் வரைந்திருப்பீர்கள், சரிதானே? அவைதான் ஈரநிலத்தைத் தின்கின்றன, அவற்றால் வரும் வாடகையைவிட அவற்றுக்காக எழுதும் மாற்று இட அறிக்கை அதிகம் தின்னும். மண்டபத்தையும் ஓட்டலையும் ஒரே கட்டடமாக ஆக்கி ரோட்டுப் பக்கம் ஈரநிலம் இல்லாத இடத்தில் பைல் மேல் தூக்கி வைப்பேன். எட்டு அடி மேலே நின்றால் தண்ணீர் அங்கிருந்தே தெரியும், மாப்பிள்ளை பெண் போட்டோவுக்கு அது போதும். தண்ணீர் வரைக்கும் ஒரு மரப்பலகை நடைபாதை, கோரைப்புல்லுக்கு மேலே, குறுகலாக. கடைசியில் துறை. அப்படிச் செய்தால் ஈரநிலத்தில் மண்ணே விழாமல் போகலாம், 404 தனி அனுமதி தேவையில்லாமலே போகலாம், மிஞ்சுவது துறைக்கும் நடைபாதைக்கும் உள்ள வேலை. ஆனால் இதெல்லாம் ரோட்டுப் பக்கம் உண்மையிலேயே மேடாக இருந்தால்தான். கொடி நட்ட பிறகு ஆறில் ஐந்து ஏக்கர் ஈரநிலம் என்று வந்தால், படத்தைக் கிழித்துவிட்டுத் துறையும் ஒரு சின்ன ஓட்டலும் மட்டும் போதுமா என்று நால்வரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை ஈரநில எல்லை குறிக்க ஆன செலவோடு பேசுவது ஒன்று, நாலாயிரம் லாரி மண்ணுக்குப் பிறகு பேசுவது வேறு.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன், நான்கு பேர் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார். புல்லை வெட்டலாம். தரைக்கு மேலே மட்டும், வேரைக் கிளறாமல், புல்வெட்டும் இயந்திரத்தாலோ கையாலோ வெட்டினால் அனுமதி தேவையில்லை. டாலோ மரத்தை ரம்பத்தால் அறுக்கலாம், அடிக்கட்டையைப் பிடுங்கக் கூடாது. புல்டோசர் கூடவே கூடாது, மேல் மண்ணைச் சுரண்டித் தள்ளினாலே அது மண் போட்டதாக ஆகிவிடும். வெட்டுவதற்கு முன் நாலு மூலையிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தண்ணீரோரப் பட்டையைத் தொடாமல் ரோட்டுப் பக்கம் மட்டும் வெட்டுங்கள், எல்லை குறிப்பவருக்குச் செடியைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் அங்கே சேறாக இருக்கும், வரும் பெரியவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வையுங்கள்.